அர்பன் டிசைன் ஸ்டுடியோவுல ஸ்டூடண்ட்ஸுக்கு மென்டரா இருக்கிறது எப்படி: முதல் நாள்ல இருந்து ஃபைனல் ஜூரி வரைக்கும் முழு வழிகாட்டி

மூணு வருஷமா வீடு, ஸ்கூல், லைப்ரரின்னு பில்டிங் பில்டிங்கா டிசைன் பண்ணிட்டு வந்த பசங்க, அர்பன் டிசைன் ஸ்டுடியோவுக்குள்ள வந்து ரெண்டாவது வாரம் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு: "சார், இதுல நான் எதைத்தான் டிசைன் பண்றது?" சோம்பேறித்தனத்துல கேக்கல, நெஜமாவே புரியாம கேக்குறாங்க. இதுவரைக்கும் ஒரு க்ளையன்ட் இருந்தாரு, ஒரு காம்பவுண்டு சுவர் இருந்துச்சு, உள்ள என்னென்ன ரூம் வேணும்னு ஒரு லிஸ்ட் இருந்துச்சு. இப்ப சைட்டோட எல்லை எங்கன்னே தெளிவில்ல, ஓனர் நூறு பேரு, கட்டி முடிய இருபது வருஷம் ஆகும், அந்த பில்டிங்கெல்லாம் கூட வேற யாரோ ஒரு ஆர்க்கிடெக்ட் தான் பண்ணப்போறாங்க. அப்ப நம்ம கையில மிச்சம் என்ன இருக்கு? தெரு இருக்கு, பில்டிங்குக்கும் பில்டிங்குக்கும் நடுவுல இருக்கிற இடம் இருக்கு, எது எவ்வளவு உயரம் போலாம் எங்க வரைக்கும் முன்னாடி வரலாம்ங்கிற விதி இருக்கு, எது முதல்ல எது அப்புறம்ங்கிற வரிசை இருக்கு. இதுல எதுவுமே கையில தூக்கிப் பாக்குற பொருள் இல்ல, அதான் திணறுறாங்க.

மென்டர்களும் திணறுறோம், வெளிய சொல்றதில்ல அவ்வளவுதான். எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சு தான் ஒண்ணு பிடிபட்டுச்சு. இந்த ஸ்டுடியோவுல ஒருத்தர் நகர முடியாம நிக்கிறாங்கன்னா பெரும்பாலும் ஐடியா இல்லாம நிக்கல, தப்பான ஸ்கேல்ல உக்காந்திருக்காங்க. 1:2000ல (பேப்பர்ல 1 செ.மீ.ன்னா தரையில 20 மீட்டர்) கலர் கலரா ஏரியா அடிச்சிட்டு இருக்கிறவங்களை 1:200க்கு இறக்கிவிடணும், பெஞ்சுக்கு டீடெயில் போட்டுட்டு இருக்கிறவங்களை 1:5000க்கு ஏத்திவிடணும். கீழ நான் சொல்ற எல்லாமே இந்த ஏத்தி இறக்குற வேலை தான், எந்த வாரத்துல எப்படி பண்றதுன்னு மட்டும் தான் வித்தியாசம். செமஸ்டர் 16 வாரம்னு வச்சுக்குறேன், உங்களுக்கு 12 வாரம்னா அதுக்கு ஏத்த மாதிரி சுருக்கிக்கோங்க.

முதல் நாளுக்கு முன்னாடி: சைட்டும் பிரீஃபும்

ஸ்டுடியோ கெட்டுப்போறது பெரும்பாலும் இங்கயே தான். சைட் எவ்வளவு பெருசு எடுக்கணும்னு எல்லாரும் குத்துமதிப்பா முடிவு பண்றாங்க, அதுக்கு ஒரு சின்ன கணக்கு போதும். சாதாரணமா நடக்குற ஆளு நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 80 மீட்டர் போவாங்க, 5 நிமிஷத்துல 400 மீட்டர். 400 மீட்டர் ஆரத்துல ஒரு வட்டம் போட்டா சுமார் 50 ஹெக்டேர் வரும். அந்த 50 ஹெக்டேர் முழுக்க படிக்கிறதுக்கு, அதுக்குள்ள 15ல இருந்து 20 ஹெக்டேர் டிசைனுக்கு. 100 ஹெக்டேர் குடுத்தீங்கன்னா பசங்க மஞ்சள் ரெசிடென்ஷியல், சிவப்பு கமர்ஷியல்னு கலர் அடிச்சே செமஸ்டரை ஓட்டிடுவாங்க, மூணு ஹெக்டேர் குடுத்தீங்கன்னா அது பெரிய ஹவுசிங் ப்ராஜெக்ட் ஆயிடும், மறுபடியும் பில்டிங் டிசைன் தான்.

காலி நிலத்தை மட்டும் குடுக்காதீங்க. சுலபமா இருக்கும்னு நெனைக்கிறோம், ஆனா எதிர்த்துப் பேச ஒண்ணுமே இல்லாத சைட்ல பசங்க இஷ்டத்துக்கு வளைவு நெளிவா ரோடு போட்டுட்டு வருவாங்க, ஏன் அந்த வளைவுன்னு கேட்டா பதில் இருக்காது. ஆளு வாழ்ற, கடை நடக்குற, பஸ் நிக்கிற, ரெண்டு மூணு விஷயம் ஒண்ணோட ஒண்ணு மோதுற இடமா பாருங்க. நீங்க முதல்ல போய் காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை நடந்துட்டு வாங்க. மென்டர் நடக்காத சைட்ல மென்டர் பேசுறது எல்லாமே பொதுவான பேச்சா தான் இருக்கும், பசங்க அதை ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சிடுவாங்க.

பிரீஃப், அதாவது பசங்களுக்கு குடுக்கிற ப்ராஜெக்ட் கேள்வித்தாள், ஒரு பக்கம் போதும். அதுல ஒரு நெருக்கடி இருக்கணும், தீர்வு இருக்கக்கூடாது. "இங்க புதுசா ஒரு ரயில் ஸ்டேஷன் வருது, இப்ப இருக்கிறவங்க யாரும் காலி பண்ணக்கூடாது" அப்படிங்கிறது நெருக்கடி. "மிக்ஸ்ட் யூஸ் டெவலப்மென்ட் டிசைன் பண்ணவும்" அப்படிங்கிறது பதிலையே கேள்வியா எழுதி குடுக்கிறது. மார்க் எதுக்கு எவ்வளவுங்கிற பேப்பரையும் அன்னைக்கே குடுத்துடுங்க, பதினாலாவது வாரத்துல குடுத்தா அது வழிகாட்டல் இல்ல, தீர்ப்பு.

முதல் ரெண்டு வாரம்: கால் வலிக்கட்டும்

முதல் சைட் விசிட்ல முதல் ஒரு மணி நேரம் போன் பைக்குள்ள இருக்கணும்னு சொல்லிடுவேன். போன் கையில இருந்தா 200 போட்டோ எடுப்பாங்க, ஒண்ணைக்கூட பாத்திருக்க மாட்டாங்க. நோட்டும் பென்சிலும் மட்டும். அதுக்கும் முன்னாடி ஒரு சின்ன வேலை: 20 மீட்டர் டேப் பிடிச்சு அளந்து வச்சு, ஒவ்வொருத்தரையும் நடக்கவிட்டு அதுல தன்னோட காலடி (எட்டு) எத்தனை வருதுன்னு எண்ண சொல்லுங்க. அதுக்கப்புறம் தெரு அகலம், கடை முகப்பு, பஸ் ஸ்டாப்ல இருந்து வாசல் வரைக்கும் எல்லாத்தையும் எட்டுல அளந்து நோட்ல எழுதணும். இது ஏன்னா, பின்னாடி கம்ப்யூட்டர்ல 30 மீட்டர் ரோடு போடும்போது "அட, அன்னைக்கு க்ராஸ் பண்ண பயந்தோமே அந்த ரோடே 22 மீட்டர் தானே"ன்னு அவங்க உடம்புக்கே தோணணும். நம்ம சொல்லி அது வராது.

அடுத்தது எண்ணிக்கை. தெருவுக்கு குறுக்க மனசுல ஒரு கோடு போட்டுக்கிட்டு அதைத் தாண்டுற ஆளுங்களை ஒரு மணி நேரத்துல 10 நிமிஷம் மட்டும் எண்ணி ஆறால பெருக்குனா அந்த மணி நேரத்துக்கு சுமாரா ஒரு கணக்கு வந்துடும். வேலை நாள் ஒண்ணு, லீவு நாள் ஒண்ணு, ரெண்டுலயும் காலை, சாயங்காலம், ராத்திரி. இதோட இன்னொரு மேப்பும் வேணும், நிக்கிறவங்க உக்காந்திருக்கிறவங்க எல்லாரையும் புள்ளியா வைக்கிறது, நிக்கிறதுக்கு காரணத்தையும் பக்கத்துல கிறுக்கி வைக்கிறது: நிழல், பஸ், யாரையோ எதிர்பாத்து, சும்மா. நடக்குறவங்க எண்ணிக்கையை விட இந்த ரெண்டாவது மேப் தான் டிசைனுக்கு அதிகமா உதவும்னு என் அனுபவம்.

இதை சொல்லும்போது, பொது இடத்துல ஜனங்க எப்படி நடந்துக்குறாங்கன்னு ஆராய்ஞ்ச வில்லியம் வைட் கதையை சொல்லுவேன். 1970கள்ல நியூயார்க் பிளாசாக்கள்ல கேமரா வச்சு மாசக்கணக்கா படம் எடுத்துப் பாத்துட்டு அவர் சொன்ன முக்கியமான முடிவுகள்ல ஒண்ணு, உக்கார இடம் இருக்கிற எடத்துல தான் ஜனங்க உக்காருறாங்க. க்ளாஸ் சிரிக்கும். சிரிச்சு முடிச்சதும் அவங்கவங்க போன செமஸ்டர்ல பண்ண ப்ராஜெக்ட்டோட லேண்ட்ஸ்கேப் பிளானை எடுத்து உக்கார இடம் எத்தனை மீட்டர் இருக்குன்னு அளக்க சொல்லுவேன். அப்புறம் சிரிப்பு வராது.

ஜனங்ககிட்ட பேசும்போது "உங்களுக்கு என்ன வேணும்?"னு கேக்க விடாதீங்க. எல்லாரும் பார்க், பார்க்கிங் ரெண்டையும் தான் சொல்லுவாங்க. "நேத்து சாயங்காலம் எங்க போனீங்க, எந்த வழியா போனீங்க, ஏன் அந்த வழி?"ன்னு கேட்டா தான் ஊரு வெளிய வரும். முகம் தெரியிற மாதிரி போட்டோ அனுமதி கேக்காம எடுக்கக்கூடாது, ராத்திரி எண்ணிக்கைக்கு யாரும் தனியா போகக்கூடாது, இது ரெண்டும் பேச்சுவார்த்தைக்கே இடமில்லாத ரூல்.

மூணாவது, நாலாவது வாரம்: அனாலிசிஸை நிறுத்துறது

ஆரம்பிக்கிறது ஈசி, நிறுத்துறது தான் கஷ்டம். விட்டா பசங்க ஏழாவது வாரம் வரைக்கும் லேண்ட் யூஸ் மேப், பில்டிங் ஹைட் மேப், மரம் மேப், ஸ்வாட்டுன்னு (பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து லிஸ்ட்) ஷீட் மேல ஷீட்டா அடுக்கிட்டே போவாங்க, ஏன்னா அனாலிசிஸ் பண்ற வரைக்கும் யாரும் தப்புன்னு சொல்ல முடியாது. அது ஒரு ஒளிஞ்சுக்குற இடம். திட்டாதீங்க, ஆனா அங்கயே இருக்கவும் விடாதீங்க.

அமெரிக்க நகரத் திட்டமிடல் ஆராய்ச்சியாளர் கெவின் லிஞ்ச் விஷயத்துல இதை நல்லா பாக்கலாம். பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளம்னு ஜனங்க ஊரை மனசுல வச்சுக்குற அஞ்சு கூறு, 1960ல வந்தது, எல்லா ஸ்டுடியோவுலயும் ஒரு ஷீட் கண்டிப்பா இருக்கும். ஆனா லிஞ்ச் பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்கிறவங்ககிட்ட பேசி, அவங்களை ஞாபகத்துல இருந்து மேப் வரையச் சொல்லி அதுல இருந்து இந்த அஞ்சையும் எடுத்தாரு. நம்ம பசங்க சேட்டிலைட் படத்தைத் திறந்து அவங்களே அஞ்சு கலர்ல கோடு போட்டு லெஜெண்ட் எழுதிடுறாங்க. அப்படி வந்தா நான் ஷீட்டை திருப்பிக் குடுத்துட்டு, சைட்ல பத்து பேருக்கு ஒரு வெள்ளைப் பேப்பர் குடுத்து "உங்க ஏரியாவை வரைஞ்சு காட்டுங்க"ன்னு கேட்டுட்டு வரச்சொல்லுவேன். ஒரு தடவை அந்த பத்துல ஒன்பது மேப்ல, ஊரோட மாஸ்டர் பிளான்ல பெருசா இருந்த பார்க்கே இல்ல. சுத்தி சுவர், ஒரே ஒரு கேட், அதுவும் பின்பக்கம். அந்த குரூப்புக்கு அதுக்கப்புறம் வேற கான்செப்ட் தேடவே வேண்டியிருக்கல.

நான் வைக்கிற டெஸ்ட் ஒண்ணே ஒண்ணு தான். ஒவ்வொரு ஷீட்டுக்கும் கீழ "அதனால" அப்படின்னு ஆரம்பிச்சு ஒரு வரி எழுதணும். எழுத முடியலன்னா அந்த ஷீட் சுவர்ல ஏறாது. நாப்பது ஷீட்ல எட்டு தேறும், போதும்.

அந்த எட்டையும் வச்சு ஒரு வாக்கியம். "சஸ்டைனபிள், வைப்ரன்ட், இன்க்ளூசிவ் நெய்பர்ஹுட்" வாக்கியம் இல்ல, அது எந்த சைட்டுக்கும் ஒட்டுற ஸ்டிக்கர். "ரயில் லைனைத் தாண்ட ஒரே ஒரு வழி தான் இருக்கு, அதனால ரெண்டு பக்கமும் ரெண்டு ஊரா கிடக்குது, நான் மூணு இடத்துல தாண்ட வைக்கிறேன், ஒவ்வொரு முனையிலயும் ஜனங்க நிக்கிறதுக்கு ஒரு காரணம் வைக்கிறேன்" - இது வாக்கியம். இதுல சண்டை போடலாம், அளக்கலாம், தோக்கலாம். நாலாவது வாரக் கடைசியில இதை பெருசா எழுதி அவங்கவங்க டேபிள் மேல ஒட்டிடணும், மாத்தலாம், ஆனா மாத்துனா தேதி போட்டு மாத்தணும்.

அஞ்சாவது வாரம்: வேற ஊரை அதே ஸ்கேல்ல மேல வைக்கிறது

ப்ரிசிடென்ட் ஸ்டடி, அதாவது ஏற்கனவே இருக்கிற ஊரைப் பாத்துக் கத்துக்குறதுன்னா, நெட்ல இருந்து அழகா நாலு போட்டோ எடுத்து ஒட்டுறதுன்னு ஆயிடுச்சு. போட்டோ வேண்டாம். 1:1000ல ஃபிகர் கிரவுண்ட் (கட்டடம் கருப்பு, மீதி இடம் வெள்ளைன்னு போடுற மேப்) பட்டர் பேப்பர்ல (கீழ இருக்கிறது தெரியிற மெல்லிசு தாள்) வரைஞ்சு அவங்க சைட் மேலயே வைக்கணும். பார்சிலோனால 1859ல செர்தாங்கிற எஞ்சினியர் போட்ட பிளாக் 113 மீட்டர் சதுரம், முனையெல்லாம் வெட்டினது, தெரு 20 மீட்டர். மான்ஹாட்டன் 1811 கிரிட்ல பிளாக்கோட குறுகின பக்கம் சுமார் 61 மீட்டர். போர்ட்லேண்ட்ல ரெண்டு பக்கமுமே 61. இந்த மூணையும் ஒரே சைட் மேல மாத்தி மாத்தி வச்சுப் பாத்தா எத்தனை முனை கிடைக்குது, எத்தனை கடை முகப்பு கிடைக்குது, நடக்குறவங்களுக்கு எத்தனை வழி கிடைக்குதுன்னு பேசாமலே தெரிஞ்சிடும். கூடவே நொல்லிங்கிறவர் 1748ல ரோமுக்கு போட்ட மேப்பையும் காட்டுங்க, அதுல சர்ச்சுக்கு உள்ள இருக்கிற இடத்தையும் தெருவைப் போலவே வெள்ளையா விட்டிருப்பாரு, ஏன்னா யாரும் உள்ள போலாம். அதே மாதிரி அவங்க சைட்டுக்கு ஒண்ணு வரையச் சொன்னா, மால் வெள்ளையா கருப்பான்னு அரைமணி நேரம் சண்டை நடக்கும். நடக்கட்டும், உள்ள வராதீங்க.

ஒரு பொண்ணு பெரிய பிளாசா போட்டுட்டு வந்திருந்தா. 180க்கு 140 மீட்டர், நடுவுல ஃபவுண்டன், சுத்தி மரம், ரெண்டரிங்ல பாத்தா ரொம்ப அம்சமா இருந்துச்சு. பெருசா இருக்குன்னு நான் ஏற்கனவே ரெண்டு தடவை சொல்லிட்டேன், "ஓகே சார்"னு தலையாட்டிட்டு அதே டிராயிங்கோட தான் திரும்பி வந்தா. அன்னைக்கு ஒண்ணும் சொல்லாம, சியனா ஊரு பியாஸா டெல் காம்போவை 1:1000ல பட்டர் பேப்பர்ல வெட்டிக் குடுத்தேன். ஐரோப்பாவுலயே ரொம்ப நல்லா வேலை செய்யிற சதுக்கங்கள்ல ஒண்ணு, சுமாரா 135க்கு 90 மீட்டர் வரும். அவ அதை பிளாசா மேல வச்சா. இன்னொண்ணு வெட்டி பக்கத்துல வச்சா. ரெண்டு காம்போ பக்கத்துல பக்கத்துல அப்படியே கச்சிதமா உக்காந்துச்சு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ஸ்கேல் பென்சிலெல்லாம் எடுத்து, ஆள் முகத்துல சிரிப்பு தெரியிறது சுமார் 25 மீட்டர் வரைக்கும் தான், ஆள் நகர்றது தெரியிறது சுமார் 100 மீட்டர் வரைக்கும்னு நான் எப்பவோ க்ளாஸ்ல சொன்னதை அவளே வட்டமா போட்டுப் பாத்துட்டு, "சார், இதுல ரெண்டு பக்கமும் நிக்கிறவங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியவே தெரியாதே"ன்னா. அடுத்த வாரம் அந்த பிளாசாவுக்கு நடுவுல நீளமா ஒரு மார்க்கெட் ஷெட் வந்து உக்காந்து அதை ரெண்டா பிரிச்சிருந்துச்சு. நான் ரெண்டு தடவை வாயால சொன்னது ஏறல, நாலு இன்ச் பட்டர் பேப்பர் ஏத்திடுச்சு.

டெஸ்க் கிரிட்: ஆறுல இருந்து பன்னண்டாவது வாரம் வரைக்கும் உண்மையான வேலை

டெஸ்க் கிரிட்னா பசங்க டேபிள்லயே உக்காந்து அவங்க டிராயிங்கைப் பாத்துப் பேசுறது. ஒரு குரூப்புக்கு 20 நிமிஷம். டிராயிங் இல்லாம வந்தா அஞ்சு நிமிஷம் தான், அந்த அஞ்சு நிமிஷத்துலயும் ஏன் வரைய முடியலன்னு மட்டும் தான் பேச்சு. லேப்டாப் ஸ்க்ரீன்ல கிரிட் வேண்டாம்னு நான் பிடிவாதமா இருக்கேன், பழைய ஆளுன்னு சொல்லிக்கட்டும். ஸ்க்ரீன்ல ஸ்கேல் கிடையாது, மவுஸ் சுத்துனா ஊரும் சின்னதாகும் பெஞ்சும் பெருசாகும், எந்த ஸ்கேல்ல யோசிக்கிறோம்ங்கிறதே கரைஞ்சு போயிடும். பிரிண்ட் எடுத்துட்டு வரணும், ஓரத்துல ஸ்கேல் எழுதியிருக்கணும்.

ஸ்கேல் இறக்குறது எப்படின்னு ஒரு உதாரணம், இது கிட்டத்தட்ட எல்லா வருஷமும் நடக்குற பேச்சு:

"இந்த தெரு என்ன அகலம்ப்பா?"

"24 மீட்டர் சார்."

"ஏன் 24?"

"அது... ஸ்டாண்டர்ட் சார்."

"சரி, நீ இந்தப் பக்கம் வீட்டு வாசல்ல நிக்கிற, உன் ஃப்ரெண்டு எதிர் வாசல்ல நிக்கிறான். அவனைப் பாத்ததும் என்ன பண்ணுவ?"

"கை காட்டுவேன் சார்... இல்ல, நடுவுல வண்டி ஓடும், கவனிக்க மாட்டான்."

"அப்ப இது பேசுற தெருவா, போற தெருவா?"

"பேசுறதுக்கு தான் போட்டேன் சார்."

"1:200ல செக்ஷன் போட்டுட்டு வா. ரெண்டு பேரையும் அதுல வரை."

அடுத்த கிரிட்டுக்கு அவன் 11 மீட்டர்ல ஒண்ணு, 24ல ஒண்ணுன்னு ரெண்டு செக்ஷன் (தெருவைக் குறுக்க வெட்டிப் பாக்குற டிராயிங்) கொண்டு வந்தான், கூடவே 24 மீட்டர் தெரு எங்க போகணும்னு 1:2000ல தானாவே ஒரு டயக்ராம். கீழ இறங்குனா தான் மேல ஏற காரணம் கிடைக்கும்.

கவனிச்சீங்கன்னா ஒவ்வொரு கிரிட்டும் ஒரு டிராயிங்கோட பேர்ல முடியணும், அந்த டிராயிங்கோட ஸ்கேலோட முடியணும். "இன்னும் கொஞ்சம் டெவலப் பண்ணுங்க"ன்னு முடிச்சீங்கன்னா நீங்க ஒண்ணும் சொல்லலன்னு அர்த்தம். நான் ஒரு நோட் வச்சிருக்கேன், பேரு, தேதி, என்ன ஸ்கேல்ல இருந்தாங்க, என்ன டிராயிங் கேட்டேன், நாலே கட்டம். முன்னாடி வாரம் "ரோட்டை நேராக்கு"ன்னு சொல்லிட்டு இந்த வாரம் "ஏன் நேரா இருக்கு, போரடிக்குதே"ன்னு சொல்ற மென்டர்ஸ் நிறைய பேரு, நானும் அப்படி இருந்தவன் தான், நோட் வந்ததுக்கப்புறம் தான் குறைஞ்சுது.

இப்ப பேனா விஷயம். ஸ்டூடண்ட் டிராயிங் மேல மென்டர் வரையலாமா? 1983ல, தொழில் பண்றவங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு ஆராய்ஞ்ச டொனால்ட் ஷோன் ஒரு ஆர்க்கிடெக்ச்சர் ஸ்டுடியோவுல நடந்த கிரிட்டை அப்படியே எடுத்து வச்சு அலசினாரு, குவிஸ்ட்னு பேர் வச்ச டீச்சர், பெட்ரான்னு பேர் வச்ச ஸ்டூடண்ட், அந்த டீச்சர் அவளோட ஸ்கெட்ச் மேல வரைஞ்சுகிட்டே பேசுறாரு, வரையுறதும் யோசிக்கிறதும் தனித்தனி இல்லன்னு அதுல நல்லா தெரியும். அதைப் படிச்ச தைரியத்துல நானும் வரைவேன், கை சும்மா இருக்காது. ஒரு வருஷம் ஒரு பையனோட மெயின் ஸ்ட்ரீட்டை ஒரு பழைய மரத்துக்காக லேசா வளைச்சு நானே போட்டுக் குடுத்தேன். நல்ல கோடு தான். ஃபைனல் ஜூரியில (கடைசியா வெளி ஆளுங்க வந்து ப்ராஜெக்ட்டைப் பாத்து கேள்வி கேக்குற நாள்) ஒருத்தர் "இந்த வளைவு ஏன்?"னு கேட்டாரு. பையன் ஷீட்டைப் பாத்தான், ஜூரியைப் பாத்தான், அப்புறம் என்னைப் பாத்தான். அந்த பார்வை இன்னும் மறக்கல. பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்கா ஆன கதை, உதவி பண்ணப்போய் அவன் ப்ராஜெக்ட்லயே அவனை வெளியாளா ஆக்கிட்டேன்.

இப்ப என் ரூல்: வரைவேன், ஆனா என்னோட தனி பட்டர் பேப்பர்ல, ஒண்ணு இல்ல மூணு மாத்து வழி, கிரிட் முடிஞ்சதும் அந்தப் பேப்பரை நானே எடுத்துட்டுப் போயிடுவேன். போட்டோ எடுக்கவும் விடமாட்டேன். யோசனை ஞாபகத்துல இருந்தா அவங்க கையால வரட்டும்.

ஏஐ படம் பத்தி எல்லாரும் கேக்குறாங்க. கொண்டு வரட்டும், தப்பில்ல. "இதோட பிளான் வரை, செக்ஷன் வரை, இந்த மரத்துல இருந்து அந்தக் கதவு எத்தனை மீட்டர்?"னு கேளுங்க. பத்து நிமிஷத்துல அந்தப் படத்தோட மவுசு தானா இறங்கிடும்.

எட்டாவது வாரம் வாக்குல: ஒரு நாள் முழுக்க கணக்கு

பசங்களுக்கு நம்பர்னா அலர்ஜி, அதை ஃபைனல் போர்டுல ஓரமா ஒரு டேபிளா போட்டு முடிச்சிடுவாங்க. நடுவுலயே பண்ண வைங்க. ஒரு ஹெக்டேர், அதாவது 10,000 சதுர மீட்டர், எஃப்எஸ்ஐ (நிலத்தோட பரப்புல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற விதி) 2ன்னா கட்டலாம் 20,000 சதுர மீட்டர். நிலத்துல 40 சதவீதம் மட்டும் கட்டடம்னா சராசரியா 5 மாடி. 10 சதவீதம் மட்டும்னா 20 மாடி. டென்சிட்டி ஒண்ணே தான், ஊரு வேற வேற. 1960கள்ல கேம்பிரிட்ஜ்ல ஆராய்ச்சி பண்ண லெஸ்லி மார்ட்டினும் லயனல் மார்ச்சும் இதைத்தான் கணக்கா போட்டுக் காட்டினாங்க, பிளாக்கோட ஓரத்தைச் சுத்திக் கட்டினா டவர் இல்லாமலே அதே அளவு இடம் கிடைக்கும்னு. இதை தெர்மோகோல் துண்டு வெட்டி 1:1000ல மூணு விதமா அடுக்கச் சொல்லுங்க, துண்டோட மொத்த கனஅளவு மாறக்கூடாது. "அடர்த்தின்னாலே டவர் தானே சார்"ங்கிற பேச்சு அன்னையோட முடிஞ்சிடும்.

அதே ஹெக்டேர்ல அடுத்த கணக்கு. 20,000ல படி, லிஃப்ட், காரிடார் போக 16,000ன்னு வைங்க, ஒரு வீடு 80 சதுர மீட்டர்னா 200 வீடு. வீட்டுக்கு ஒரு கார். வண்டி நிக்கிற இடம், திரும்புற வழி எல்லாம் சேத்து ஒரு காருக்கு 25ல இருந்து 30 சதுர மீட்டர். 200 கார்னா 5,000ல இருந்து 6,000. கட்டடம் போக மீதி இருந்த நிலமே 6,000 தான். அவங்க பச்சையா கலர் அடிச்சு வச்சிருந்த கோர்ட்யார்ட் முழுக்க கார் நிக்கும். இந்த இடத்துல ரூம் அமைதியாயிடும், அந்த அமைதியில தான் பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரத்துல இருக்கணும், காரை யாரு விடணும், பேஸ்மென்ட்டுக்கு யாரு பணம் குடுப்பாங்கன்னு நெஜமான கேள்வியெல்லாம் வரும்.

தரைத்தளமும் வருஷக்கணக்கும்

பசங்களோட மாஸ்டர் பிளான் (மொத்த ஏரியாவுக்கான பிளான்) ஓரளவு நின்னதும் ரெண்டு டிராயிங் கட்டாயம் கேளுங்க. ஒண்ணு, தரைத்தளத்துல இருக்கிற ஒவ்வொரு கதவையும் சிவப்புப் புள்ளியா வச்ச பிளான். புள்ளி இல்லாத நீளமான சுவரு எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் தெரு செத்துப்போகும், அது பார்க்கிங் வாசலா இருக்கும், சப்ஸ்டேஷனா இருக்கும், இல்ல பசங்க மறந்துபோன பின்பக்கமா இருக்கும். ரெண்டாவது, அஞ்சாவது வருஷம் அந்த இடம் எப்படி இருக்கும்னு ஒரு பிளான். எல்லாரும் இருபதாவது வருஷத்தை தான் வரையுறாங்க, பாதி கட்டி பணம் தீந்துபோன ஊரு எப்படி இருக்கும்னு யாரும் வரையறதில்ல. அந்தப் பாதியிலயும் தெரு தெருவா இருந்தா தான் அது நல்ல பிளான்.

குரூப்பு தகராறு

அனாலிசிஸுக்கு நாலு பேரு, மாஸ்டர் பிளானுக்கும் அதே நாலு பேரு, பத்தாவது வாரத்துல இருந்து ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிளாக்கோ ஒரு தெருவோ தனியா. இந்தப் பிரிவு இல்லன்னா ஒருத்தர் வரைவாங்க, ஒருத்தர் பேசுவாங்க, ரெண்டு பேரு பிரிண்ட் எடுப்பாங்க. ஒவ்வொரு டிராயிங் மூலையிலயும் யாரு வரைஞ்சதுன்னு பேரு இருக்கணும், சின்ன விஷயம், பாதி தகராறு அதுலயே தீந்துடும். தனியா பிரிச்சதும் இன்னொரு நல்லது நடக்கும்: அவங்களே போட்ட விதிக்குள்ள அவங்களே பில்டிங் வைக்கணும். நான் கொஞ்சம் குறும்பு பண்ணுவேன், ஒரு குரூப்போட விதியை எடுத்து இன்னொரு குரூப்புகிட்ட குடுத்து "இதுல எவ்வளவு மோசமான பில்டிங் கட்டமுடியுமோ கட்டு, ஆனா விதியை மீறாத"ன்னு சொல்லுவேன். வர்ற பில்டிங்கைப் பாத்ததும் விதி எழுதுனவங்க ஓடிப்போய் திருத்தி எழுதுவாங்க. அர்பன் டிசைன் கைடுலைன்னா என்னன்னு லெக்சர் எடுக்கவே வேண்டாம்.

பின்-அப்பும் ஃபைனல் ஜூரியும்

நாலாவது, எட்டாவது, பன்னண்டாவது வாரம் பின்-அப், அதாவது எல்லாரோட ஷீட்டையும் சுவர்ல ஒட்டி சேந்து பேசுறது. எட்டாவது வார பின்-அப்ல ஒருத்தரோட ப்ராஜெக்டை இன்னொருத்தர் தான் விளக்கணும், வரைஞ்சவங்க வாயைத் திறக்கக்கூடாது. டிராயிங் பேசலன்னா அப்ப தெரிஞ்சிடும்.

ஃபைனலுக்கு ரெண்டு நாள் முன்னாடி டிசைனை பூட்டிடுங்க, அதுக்கப்புறம் பிரிண்டும் தூக்கமும் மட்டும். தூங்காம வந்த பசங்க ஜூரியில என்ன கேட்டாங்கன்னே ஞாபகம் வச்சுக்கிறதில்ல, 16 வாரத்துல கத்துக்கவேண்டிய பெரிய விஷயம் அந்த பதினஞ்சு நிமிஷத்துல நடக்கும், அதுல கண்ணு சொக்கி நின்னா என்ன புண்ணியம்.

ஜூரிக்கு வர்றவங்களுக்கும் பிரீஃபை முந்தின நாளே அனுப்பிடுங்க, எந்த ஸ்டேஜ்ல இருக்கிற பசங்க, என்ன கத்துக்க வச்சோம்னு ஒரு பத்தி சேத்து. இல்லன்னா அவங்கவங்க ஆபீஸ்ல அன்னைக்கு என்ன பிரச்சனையோ அதை இங்க வந்து பேசிட்டுப் போவாங்க. அஞ்சு நிமிஷம் ஸ்டூடண்ட், பத்து நிமிஷம் பேச்சு. சுவர்ல ஷீட் வரிசை 1:5000ல ஆரம்பிச்சு 1:200ல முடியணும், பேச ஆரம்பிக்கிறது எங்க இருந்து வேணும்னாலும் இருக்கலாம், சில பேரு ஒரு வாசப்படி செக்ஷன்ல ஆரம்பிச்சு ஊருக்குப் போவாங்க, அது இன்னும் நல்லா இருக்கும்.

நீங்க பின்னாடி உக்காருங்க. கேள்வி வந்ததும் பையனுக்கு பதிலா வாய் திறக்கக்கூடாது, எவ்வளவு அரிச்சாலும். ஜூரி சொல்றதை கூட இருக்கிற ஃப்ரெண்டு ஒருத்தர் எழுதிக் குடுக்கணும், நிக்கிறவங்களால எழுத முடியாது. அடுத்த நாள் அந்தக் குறிப்போட ஒவ்வொருத்தரையும் பத்து நிமிஷம் உக்கார வச்சு, எதை ஒத்துக்குற, எதை ஒத்துக்கல, ஏன்னு மட்டும் கேளுங்க. அப்புறம் உங்க நோட்டை எடுத்து, முதல் வாரத்துல அவங்க எந்த ஸ்கேல்ல மாட்டியிருந்தாங்க, கடைசியில எத்தனை ஸ்கேலுக்கு நடுவுல தானா போய் வந்தாங்கன்னு அவங்க பேருக்கு நேரா எழுதி வச்சுக்கோங்க, அடுத்த செமஸ்டர் பிரீஃப் எழுத உக்காரும்போது முதல்ல திறக்கவேண்டிய பக்கம் அது.